பள்ளி முடிந்த பிறகு வரும் ஜூன்

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேரளத்தில் ஜூன் மாதம் முதல் தேதி பள்ளி திறக்கும். மழையும் ஏறக்குறைய அதே நாளில்தான் வந்து சேரும். பிரவேசனோற்சவம் என்று வாசலில் தோரணம் கட்டி, புதுப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்து அழைத்துப் போவார்கள். நான் நாகர்கோவிலில் பிறந்தவள். இந்த ஊருக்கு வந்து 30 ஆண்டுகளுக்கு மேல் சிறப்பாசிரியராக வேலை செய்தேன். எத்தனையோ ஜூன் முதல் தேதிகளைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

அன்று காலை எங்கள் பள்ளி வாசலில் ஒரு பையன் நின்றான். சாலைக் கடைத்தெருவில் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவன். வெளுத்துத் தேய்த்த சீருடை, முதுகில் பை, கையில் சாப்பாட்டுப் பாத்திரம். பின்னால் அவன் அம்மா குடை பிடித்துக்கொண்டு நின்றார். மார்ச் மாதமே அவனுக்கு 18 வயது முடிந்து, நாங்கள் சான்றிதழ் கொடுத்து, மாலை போட்டு, படம் எடுத்து அனுப்பிவிட்டோம். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "டீச்சர், வெள்ளனயே எழும்பி அவனே போட்டுக்கிட்டான். ஸ்கூல் முடிஞ்சு போச்சுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்களே சொல்லுங்க."

அந்தச் சட்டைக்குப் பொத்தான் போட அவனுக்குக் கற்றுக்கொடுக்க எனக்கு நான்கு வருடம் ஆனது. அன்று எல்லாப் பொத்தான்களும் சரியாகப் போட்டிருந்தான். சட்டையை மாட்டிக்கொண்டு இனி எங்கே போவது என்பதை மட்டும் நான் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அந்த வாசலில் நின்றபோதுதான் என் தொழிலில் பாதியை நான் செய்யவே இல்லை என்று எனக்குப் புரிந்தது. இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பாதியைப் பற்றி.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. இது 21 வகைகளை ஏற்றது. குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. உயர்கல்வியில் 5 விழுக்காடு இடமும் அரசு வேலையில் 4 விழுக்காடு இடமும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இவை பெரிய வெற்றிகள், போராடிப் பெற்றவை. ஆனால் கல்லூரிக்குப் போகாத, தேர்வு எழுதி அரசு வேலைக்கு வர முடியாத பிள்ளைக்கு 18ஆவது பிறந்தநாளுக்கு மறுநாள் என்ன இருக்கிறது? நேற்று வரை ஏறிய பள்ளி வண்டி இன்று வீட்டு வாசலில் நிற்காது. பயிற்சியாளரும் பேச்சுப் பயிற்சியும் பள்ளியோடு போய்விடும். கேரள அரசு 2015இல் எடுத்த மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் 7,93,937 பேர் இருப்பதாகத் தெரிந்தது. அவர்களில் எத்தனை பேர் இளம் வயதில் சன்னலோரத்தில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை. வீடு வீடாகப் போன எனக்கு அந்தச் சன்னல்களைத் தெரியும்.

இந்தக் குறைக்கு விடை தேடிய ஓர் ஏற்பாடு நம் மாவட்டத்தில்தான் தொடங்கியது என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். 2004இல் வெங்ஙானூர் கிராமப் பஞ்சாயத்தில் முதல் பட்ஸ் பள்ளி தொடங்கியது. குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்களும் பஞ்சாயத்தும் சேர்ந்து நடத்தும் பள்ளி அது. நகரத்துச் சிறப்புப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாறி வர முடியாத ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஆட்டோ தொலைவில் ஓர் இடம் கிடைத்தது. இன்று கேரளம் முழுவதும் 300க்கும் மேற்பட்ட பட்ஸ் நிறுவனங்கள் இருக்கின்றன. இவற்றில் இரண்டு வகை உண்டு. 18 வயது வரை பட்ஸ் பள்ளி. அதற்கு மேல் பட்ஸ் மறுவாழ்வு மையம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி என்ன என்ற கேள்விக்குப் பஞ்சாயத்து தந்த பதில்தான் அந்த இரண்டாவது வகை. அங்கே குடை கட்டுகிறார்கள், சோப்பு காய்ச்சுகிறார்கள், மிதியடி நெய்கிறார்கள், காகிதப் பேனா செய்கிறார்கள். டெல்லியில் எழுதிய திட்டத்தைவிட, வார்டு உறுப்பினருக்கு அந்த வீட்டுப் பிள்ளையின் பெயர் தெரிந்திருப்பது பெரிது. அதனால்தான் இந்த ஏற்பாட்டின் மேல் எனக்கு இத்தனை மதிப்பு.

மதிப்பு இருப்பதால்தான் ஒரு வருத்தத்தையும் சொல்கிறேன். 'பட்' என்றால் மொட்டு. ஆறு வயதுக் குழந்தைக்கு அந்தப் பெயர் அழகு. 38 வயதில் காதோரம் நரைத்த ஒருவர் அதே பெயர்ப்பலகையின் கீழ் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நிற்கும்போது, நாம் எங்கேயோ ஒரு படியைத் தாண்டாமல் விட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது. பட்ஸ் மட்டும் இப்படி இல்லை. நான் பார்த்த எத்தனையோ மையங்களில் பெரியவர்கள் பள்ளிக்கூடத்தின் மணிக்கே எழுந்து, மணிக்கே சாப்பிட்டு, மணிக்கே வீட்டுக்குப் போகிறார்கள். கேரளத்தில் 'மோன்', 'மோள்', 'குட்டிகள்' என்போம். நம் தமிழில் 'பிள்ளை', 'பையன்', இன்னும் உருகினால் 'தெய்வக் குழந்தை'. ஊனமுற்றோர் என்ற சொல்லை விட்டு மாற்றுத்திறனாளி என்ற சொல்லுக்குத் தமிழ்நாடு வந்தது. மலையாளத்தில் பின்னசேஷிக்காரர் என்றார்கள். சொல் மாறியது நல்லது. ஆனால் நாற்பது வயதுக்காரரை 'அவன்', 'இவள்' என்று அவர் முன்னாலேயே பேசும் பழக்கம் மாறவில்லை. தெய்வக் குழந்தைக்குச் சம்பளம் தேவைப்படாது, சாவி தேவைப்படாது, காதல் வராது, கோபம் வராது. அன்பினால்தான் அப்படி அழைக்கிறோம். ஆனால் அந்த அன்பு ஒரு மனிதரை வயதுக்கு வர விடாமல் தடுத்து வைத்திருக்கிறது.

தனித்து வாழ்வது என்று சொன்னவுடன் பெற்றோர் பயந்துவிடுகிறார்கள். "தனியா விடவா சொல்றீங்க?" என்று கேட்கிறார்கள். இங்கே ஒரு வெளிநாட்டுக்காரரின் கதையைச் சொல்ல வேண்டும். எட் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கருக்கு 14 வயதில் போலியோ வந்தது. கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் அசையாது. இரவில் மூச்சுக்கு இரும்பு நுரையீரல் என்ற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும். அவர் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்த இயந்திரத்தின் எடையைத் தாங்கும் விடுதி இல்லாததால் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒரு பகுதியில்தான் தங்கிப் படித்தார். இவரால் வேலை செய்ய இயலாது, உதவித்தொகை கொடுத்துப் பயனில்லை என்று கலிபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை முதலில் ஒதுக்கியது. பின்னாளில் அதே துறைக்கு அவரே இயக்குநரானார். அதற்கு முன் 1972இல், அவரும் நண்பர்களும் பெர்க்லியில் தற்சார்பு வாழ்வு மையத்தைத் தொடங்கியிருந்தார்கள். பல் தேய்க்கக்கூட இன்னொருவரின் கை தேவைப்பட்ட மனிதர் தன்னைச் சுதந்திர மனிதர் என்று சொன்னார். எப்படி? யார் தேய்ப்பது, எத்தனை மணிக்கு, எந்தப் பசை என்பதை அவர் முடிவு செய்தார். அவ்வளவுதான். உதவி வாங்குவதால் ஒருவருடைய சுதந்திரம் குறைவதில்லை. கேட்காமலே எல்லாவற்றையும் நாம் முடிவு செய்யும்போதுதான் குறைகிறது. நம்மில் யார்தான் உதவி இல்லாமல் வாழ்கிறோம்? எனக்குச் சோறு விளைவிப்பவர் வேறு, பஸ் ஓட்டுபவர் வேறு. எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்பது மட்டும் என் முடிவு.

பஸ் என்றவுடன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீடு பேட்டையில். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். படிக்கத் தெரியாது, நிறங்கள் நன்றாகத் தெரியும். 2021 கடைசியில் இந்த நகரத்தில் சிட்டி சர்குலர் பஸ்கள் வந்தன. சிவப்பு, நீலம், மஜந்தா, மஞ்சள் என்று வழித்தடத்துக்கு ஒரு நிறம். நகரத்துக்கு வருகிற எல்லோருக்காகவும் செய்த ஏற்பாடு அது. ஆனால் எழுத்துத் தெரியாத ஒரு பெண்ணுக்கு அது கதவைத் திறந்தது. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு தையல் கூடத்தில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா ஸ்கூட்டரில் கொண்டுவிடுவார். அப்பாவுக்கு முதுகுவலி வந்த வாரம், "நான் பஸ்ஸில் போறேன்" என்று அந்தப் பெண்ணே சொல்லியிருக்கிறார்.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. ஒரு செயலைச் சிறுசிறு படிகளாகப் பிரித்துக்கொள்வோம். நிறுத்தத்துக்கு நடப்பது, நிறத்தைப் பார்ப்பது, கையைக் காட்டுவது, ஏறுவது, பிடித்துக்கொள்வது, சில்லறை கொடுப்பது, டிக்கெட்டைப் பத்திரப்படுத்துவது, இறங்கும் அடையாளத்தைக் கவனிப்பது, இறங்குவது, சாலையைக் கடப்பது. பத்துப் படி. கற்பிக்கும்போது பல நேரம் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவோம். முதல் ஒன்பதையும் நான் செய்து, கடைசி ஒன்றை அவர் செய்வார். செய்து முடித்த நிறைவு முதல் நாளிலேயே அவருக்குக் கிடைத்துவிடும். பிறகு கடைசி இரண்டு, கடைசி மூன்று. நான் முதல் வாரம் பக்கத்து இருக்கையில், அடுத்த வாரம் பின் இருக்கையில், பிறகு பஸ்ஸின் கடைசியில், பிறகு இறங்கும் நிறுத்தத்தில், பிறகு என் வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டு. துணையை இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான பகுதி. கற்பவரைவிடக் கற்பிப்பவருக்குத்தான் அது கடினம். ஏறக்குறைய மூன்று மாதம் ஆயிற்று.

நான்காவது மாதம், ஆற்றுக்கால் பொங்காலைக்கு முந்தின நாள். அந்த நாளில் இந்த நகரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரம் முழுக்கச் செங்கல் அடுப்புகள், எங்கே பார்த்தாலும் பெண்கள், வண்டிகளுக்கு வழி மாற்றம். பஸ் வழக்கமான பாதையை விட்டுத் திரும்பி, தம்பானூரில் எல்லோரையும் இறக்கிவிட்டது. நாங்கள் கற்றுக்கொடுத்த பத்துப் படியில் இது இல்லை. மணி ஆறாயிற்று, ஆறரை ஆயிற்று, அந்தப் பெண் வீடு வரவில்லை. அம்மா எனக்குப் போன் செய்து அழுதார். நான் ஆட்டோவில் ஏறிப் பாதி வழி போவதற்குள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெட்டிக்கடைக்காரர். அந்தப் பெண் கடைமுன் வந்து நின்று, பையிலிருந்த அட்டையைக் காட்டி, "போன் பண்ணணும்" என்றிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து சோடா நாரங்கா வெள்ளம் குடித்துக்கொண்டிருந்தார். காசு கொடுத்து வாங்கியது. "பயந்தேன் டீச்சர். பிறகு கேட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து அவரைப் பஸ்ஸில் அனுப்புவது நின்றது. அப்பா முதுகுவலியோடு மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார். இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் ஸ்கூட்டரில் ஏற மறுத்துவிட்டார். ராபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்க எழுத்தாளர் 1972இல், அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களை எல்லா ஆபத்திலிருந்தும் காப்பாற்ற நினைப்பது அவர்களுடைய மாண்பைப் பறிக்கும் என்று எழுதினார். இடரை ஏற்பதிலும் மாண்பு உண்டு என்பது அவர் வாதம். அதை நான் புத்தகத்தில் பல முறை படித்திருக்கிறேன். தம்பானூர்ப் பெட்டிக்கடைப் பெஞ்சில்தான் அதன் பொருள் எனக்கு விளங்கியது. அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது எங்கள் பத்துப் படியில் எதுவும் இல்லை. தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்கும் துணிச்சல் அவருக்கு இருந்தது, அதுதான் காப்பாற்றியது. அந்தத் துணிச்சலை வீட்டுக்குள் வைத்து யாரும் கற்றுக்கொடுக்க முடியாது.

18 வயது ஆகும் நாளில் இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடக்கிறது. பெரும்பாலான பெற்றோருக்கு அது வங்கியில் போய் நின்றபோதுதான் தெரியவருகிறது. பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்கப் போன ஒரு தாயிடம், "உங்கள் மகன் மேஜர், நீங்கள் இனிக் காப்பாளர் இல்லை, சான்று கொண்டுவாருங்கள்" என்றார்கள். பெற்ற தாய் காப்பாளர் இல்லையா என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சட்டப்படி அந்த அதிகாரி சொன்னது சரி. 18 ஆனதும் இயற்கைக் காப்பாளர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பன்முகக் குறைபாடு ஆகிய நான்கிற்கும் 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஓர் உள்ளூர்க் குழு உண்டு; அங்கே விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் சான்று பெறலாம். வேண்டிய இடத்தில் கட்டாயம் பெறுங்கள்.

ஆனால் வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வேறொரு வழியையும் காட்டுகிறது. மாற்றுத்திறனாளிக்கும் மற்றவர்களைப் போலவே சட்டப்படி முடிவெடுக்கும் தகுதி உண்டு என்பது அதன் அடிப்படை. முடியாத விஷயத்தில் மட்டும், குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, இருவரும் கலந்து முடிவெடுக்கும் வரையறுத்த காப்பாளர் முறை அதில் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்கும் எல்லாக் கையெழுத்தையும் எடுத்துக்கொள்வதற்கும், நிலம் விற்கும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து விளக்குவதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள். வாக்குரிமையும் அப்படித்தான். மனநலம் குன்றியவர் என்று உரிய நீதிமன்றம் அறிவித்தால் ஒழிய, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதை யாரும் மறுக்க முடியாது. "அவனுக்கு எதுக்கு டீச்சர் ஓட்டு?" என்று கேட்ட வீடுகள் உண்டு. வாக்களித்துவிட்டு வந்து, விரலில் இருந்த மையை ஒரு வாரம் அழியாமல் பார்த்துக்கொண்ட இளைஞரையும் எனக்குத் தெரியும்.

எல்லாக் குறைபாட்டுக்கும் ஒரே பாதை கிடையாது. காது கேளாத இளைஞருக்குத் தடையாக நிற்பது மொழி. இந்த ஊரில் ஆக்குளத்தில் 1997இல் தொடங்கிய தேசியப் பேச்சு செவிப்புல நிறுவனம், நாம் நிஷ் என்று சொல்வது, காது கேளாதவர்களுக்கென்றே கணினி அறிவியலிலும் நுண்கலையிலும் பட்டப்படிப்புகளை நடத்துகிறது. சைகை மொழியில் பாடம் நடக்கிறது. பார்வையற்றவருக்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் நம் மனம். பிராஞ்சல் பாட்டீல் சிறுவயதில் பார்வையை இழந்தவர். குடிமைப்பணித் தேர்வில் ஒரு முறை வென்றும், ரயில்வே கணக்குப் பணிக்குப் பார்வையின்மை காரணமாக ஏற்கப்படாமல், மறுபடி எழுதி ஐ.ஏ.எஸ். ஆனார். 2019 அக்டோபரில் அவர் இந்த நகரத்தின் சப் கலெக்டராகப் பொறுப்பேற்றார். அன்று எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோரும் கைத்தட்டினோம். கழக்கூட்டத்தில் மாயவித்தைக் கலைஞர் கோபிநாத் முதுகாடு தொடங்கிய டிஃபரண்ட் ஆர்ட் சென்டரில், அறிவுத்திறன் குறைபாடுள்ள இளைஞர்கள் மேடையில் வித்தை காட்டுகிறார்கள். சில வீட்டார் தங்கள் பிள்ளைக்காகக் கூட்டம் கைத்தட்டியதை முதல் முறையாகக் கேட்டது அங்கேதான். ஆனால் எல்லாரும் மேடைக்கு வர முடியாது, வரவும் வேண்டியதில்லை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் சாதாரண வாழ்க்கையும் ஒரு முழு வாழ்க்கைதான். சாதனையாளர்களைக் காட்டிக் காட்டியே, சாதிக்காதவர்களின் உரிமையை நாம் மறந்துவிடக் கூடாது.

வெள்ளாயணி ஏரிக்கரையில் காந்தாரி என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. நம் அடுக்களையின் காந்தாரி மிளகாய்தான். சிறியது, காரம் அதிகம். ஜெர்மனியில் பிறந்து பார்வை இழந்த சப்ரியே டென்பெர்க்கன், திபெத்திய மொழிக்குப் பிரெய்ல் எழுத்து அமைத்து, லாசாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அவரும் அவரோடு பணியாற்றிய பால் குரோனன்பெர்க்கும் 2009இல் இங்கே வந்து இதை ஆரம்பித்தார்கள். பல நாடுகளிலிருந்து வருபவர்கள் சில மாதங்கள் தங்கிப் பயின்று, தங்கள் ஊரில் ஒரு மாற்றத்தைத் தொடங்கப் போகிறார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் கார்த்திகேயன் என்ற தமிழர். புதுச்சேரியில் ஓர் இல்லத்தில், மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தவர். கூட வளர்ந்தவர்கள் பெரியவர்களானதும் இல்லத்தை விட்டுப் போக வேண்டியிருந்ததைப் பார்த்தவர். காந்தாரியில் பயின்றபின் 2013இல் விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனம் பக்கம், ஸ்ருஷ்டி கிராமம் என்ற ஊரையே உருவாக்கினார். அறிவுத்திறன் குறைபாடுள்ள பெரியவர்கள் அங்கே உழுகிறார்கள், மாடு கறக்கிறார்கள், மண்ணோடு வாழ்கிறார்கள். என்னை ஒரு ஜூன் மாதக் காலை உலுக்கிய கேள்வியோடுதான் அவரும் வெள்ளாயணிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

இங்கிருந்து மலையைத் தாண்டினால் தென்காசி, பக்கத்தில் ஆய்க்குடி. கடற்படை அதிகாரித் தேர்வில் ஏற்பட்ட விபத்தில் 1975இல் கழுத்துக்குக் கீழே உணர்விழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தன் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பின்னர் அவரோடு சேர்ந்தார். சக்கர நாற்காலியில் இருப்பவர்களே நிர்வாகம் செய்யும் இடம் அது. பெற்றோர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன்: ஒரு தடவை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆய்க்குடி போய்வாருங்கள். உத்தரவிடும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளி உட்கார்ந்திருப்பதை உங்கள் பிள்ளை பார்க்க வேண்டும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். இந்த அரங்கில் பாதிப் பேர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறீர்கள். 'எங்கள் காலத்துக்குப் பிறகு யார்?' மலையாளத்தில் 'காலசேஷம்' என்பார்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே குரல் உடைந்துவிடும். விடை தெரியாமல் விபரீத முடிவுக்குப் போன வீடுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருக்கிறோம். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் லேசாக எடுத்ததில்லை. முழுநேரமும் ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் தாய்க்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் கிடைப்பது மாதம் 600 ரூபாய். அவர் இழந்த வேலைக்கும் உறக்கத்துக்கும் அது எந்த ஈடும் இல்லை. பகல் நேர மையங்களும், சில பேர் சேர்ந்து ஒரு வீட்டில் வாழும் ஏற்பாடுகளும், தாய்க்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வும் அரசின் கடமைகள். அவற்றைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

ஆனால் 65 வயதில் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது காலம் கடந்துவிடுகிறது. பிள்ளைக்கு 14 வயது ஆகும்போது வேறு மாதிரி கேளுங்கள்: 'இந்த வருடம் எந்த முடிவை அவனிடம் விடப்போகிறேன்?' சட்டை நிறம், வாரச் சில்லறை, வீட்டுச் சாவி, யார் வந்தால் கதவைத் திறப்பது, யார் தொட்டால் வேண்டாம் என்பது. இந்தக் கடைசியைச் சொல்லிக்கொடுக்கப் பல வீடுகளில் கூச்சம். உடலைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசாமல் வளர்த்த பிள்ளைக்கு, தீங்கு நடக்கும்போது அதைச் சொல்ல வார்த்தைகூட இருக்காது. எல்லாவற்றுக்கும் தலையாட்டும் 'நல்ல பிள்ளை'யாக நாம் பழக்கியிருப்போம். என் மாணவர் ஒருவர் முதன்முதலில் "வேண்டாம் டீச்சர்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன நாளை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

அமெரிக்காவில் சிறப்புக் கல்விச் சட்டப்படி, 16 வயதுக்குள் ஒவ்வொரு மாணவருக்கும் பள்ளிக்குப் பிந்தைய வாழ்க்கைக்கான திட்டம் எழுதப்பட வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மாணவரை அழைக்கவும் வேண்டும். நமக்கு அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பஞ்சாயத்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிக் கிராமசபை கூட்டுகிறார்கள். நான் போன சபைகளில் எல்லாம் அம்மாக்கள் பேசினார்கள். பிள்ளைகள் பக்கத்தில் பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த சபையில் ஒலிபெருக்கியை அவர்கள் கையில் கொடுங்கள். பேச்சு வராதவர் படத்தைக் காட்டட்டும். நேரம் ஆகும், ஆகட்டும். அதிகாரி காத்திருப்பார்.

ஜூன் மாதம் வாசலில் நின்ற அந்த மாணவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அன்று நான் அவரை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அவர் குடும்பமும் நானும் பலமுறை தவறி, பலமுறை திருத்தினோம். இப்போது அவர் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்கிறார். மல்லி, மிளகு, ஏலம் நிறுத்துப் பொட்டலம் கட்டுகிறார். இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டும் சாவி அவரிடம் இருக்கிறது. இந்தச் சொற்பொழிவில் அவரைப் பற்றிச் சொல்லலாமா என்று போன வாரம் கடைக்குப் போய்க் கேட்டேன். தராசைப் பார்த்துக்கொண்டே யோசித்தார். சீருடை போட்டு வந்ததைச் சொல்லலாம் என்றார். கடையைப் பற்றிச் சொல்லலாம், சாவியைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றார். பெயரைச் சொல்லக் கூடாது. இன்னொரு விஷயமும் கேட்டேன். அதையும் சொல்லக் கூடாது, அது தன் சொந்த விஷயம் என்றார்.

அவர் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அந்த விஷயத்தை நான் சொல்லவில்லை.